சுபோட்டிட்சாவா, நிஷ்ஷா? செர்பியப் பெண்கள் கால்பந்தில் எது பெரிய கிளப்?

அகல்யா_செகெட்
போன வாரம் இங்கே ஒருவர், "செர்பியாவில் பெண்கள் கால்பந்து என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்பார்டக் சுபோட்டிட்சா இருக்கிறதே! 2010-11ல் லீக் பட்டத்தைக் கைப்பற்றிய அணி, அந்தப் பத்தாண்டு முடியும்வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வருடா வருடம் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. 2015ல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் சுபோட்டிட்சாவுக்கு வந்து 0-0 என்று ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பியது. 2013, 2014 இரண்டு வருடமும் ஐரோப்பிய சாம்பியன் அதே வோல்ஃப்ஸ்பர்க்தான். என்னைக் கேட்டால் செர்பியாவின் மிகப் பெரிய பெண்கள் கிளப் ஸ்பார்டக். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

தென்பக்கத்து முருகேசன்
இருக்கிறது அகல்யா. மஷீனாட்ஸ் என்ற பெயரையே விட்டுவிட்டீர்களே.

நாட்டின் வடகோடியில் சுபோட்டிட்சா என்றால் தெற்கே நிஷ். 1884ல் ரயில் வந்து, அதோடு ரயில் பட்டறையும் வந்து, இயந்திரத் தொழிலால் வளர்ந்த ஊர். மஷீனாட்ஸ் என்றாலே இயந்திரத் தொழிலாளி என்றுதான் பொருள். 1970ல் ஆரம்பித்த பெண்கள் கிளப் அது. பெண்கள் பந்து ஆடுவதைப் பல நாடுகளில் சங்கங்களே தடுத்துக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தில்கூட 1921ல் போட்ட தடை அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது.

அப்புறம் 1990களை நினைத்துப் பாருங்கள். 1992 மே மாதம், செர்பியா அப்போது அங்கம் வகித்த யூகோஸ்லாவியா மேல் ஐ.நா. தடை வந்தது. யூரோ என்ற ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்காக ஸ்வீடன் வரை போயிருந்த ஆண்கள் அணியையே சில நாள் முன்னால் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், நிஷ்ஷில் ஒரு பெண்கள் அணிக்குப் பந்து வாங்க யார் காசு கொடுத்திருப்பார்கள்? 1999 மே 7ம் தேதி அந்த ஊரின் சந்தைப் பக்கம் நேட்டோ விமானங்கள் போட்ட கொத்துக்குண்டுகள் விழுந்தன. 2001ல் யூஃபா பெண்கள் கோப்பை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய வடிவம், தொடங்கியது. அதன் ஆரம்ப வருடங்களில் நாட்டின் பெயரைச் சுமந்தது நிஷ் பெண்கள்தான். ஸ்பார்டக் கையில் எடுத்த பட்டம், 2010 வரை மஷீனாட்ஸ் வைத்திருந்த பட்டம். கட்டிய வீட்டுக்குள் குடிவந்தவர்களைக் கட்டியவர்களைவிடப் பெரியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லெஃப்ட்விங் ரவி
இரண்டு பேரும் பட்டங்களை வைத்தே பேசுகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. ஒரே கிளப் பத்து வருடம் தொடர்ந்து ஜெயித்தால், அந்த லீக்கில் மற்றவர்களிடம் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? இதை நான் கிளப்பின் சாதனையாக எண்ண மாட்டேன், லீக்கின் நோய் என்றுதான் எண்ணுவேன். உள்ளூரில் எட்டு கோல், பத்து கோல் போட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனால் அடி வாங்குகிறார்கள். 0-0 எடுத்த அதே வோல்ஃப்ஸ்பர்க்கிடம் அடுத்த ஆட்டத்தில் 0-4. அதைச் சொல்லவில்லையே அகல்யா?

அகல்யா_செகெட்
ரவி, சரி, சொல்லியிருக்க வேண்டும். 0-4 தான். ஆனால் அந்த வோல்ஃப்ஸ்பர்க் அந்தப் பருவத்தில் இறுதிப்போட்டி வரை போய், பிரான்ஸின் லியோனிடம் பெனால்டியில்தான் தோற்றது. அப்படிப்பட்ட அணியைத் தொண்ணூறு நிமிடம் கோல் போடவிடாமல் நிறுத்துவது அதிர்ஷ்டத்தில் நடக்காது.

முருகேசன் அண்ணா, நீங்கள் சொன்னதில் பாதி எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பார்டக்கை நான் தாளில் படித்து நேசிக்கவில்லை. ஹங்கேரியில் செகெட்டில் படிக்கிறேன். ரோஸ்கே எல்லைச் சாவடியில் வரிசை இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் சுபோட்டிட்சா. ஒரு ஏப்ரல் சனிக்கிழமை போனேன். வண்ண ஓடு வேய்ந்த அந்த நகர மன்றக் கட்டடத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன், கடைசியில் மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் என்று சொல்ல முடியாது, அறுபது எழுபது பேர் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி காகிதக் கூம்பில் சூரியகாந்தி விதை வைத்துக்கொண்டு கொறித்தபடி ஹங்கேரிய மொழியில் பேசினார், முன்வரிசையில் செர்பிய மொழியில் கத்தினார்கள். இடது ஓரம் ஆடிய பெண்ணுக்குப் பதினேழு வயதுகூட இருக்காது. பந்தை இழந்த ஒவ்வொரு முறையும் அவளே திரும்ப ஓடி வந்து தடுத்தாள். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ பாட்டி விதைக் கூம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். ஆட்டம் அப்போது 5-0. ஜெயிப்பது உறுதியான ஆட்டத்தில் அந்தப் பெண் எதற்கு அப்படி ஓடினாள்? பத்து வருடப் பட்டம் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஸ்பார்டக் என்பது யோவான் மிகிச் என்பவரின் போர்க்காலப் புனைபெயர். மும்முறைத் தாண்டல் வீரர், நாஜிகளை எதிர்த்த கெரில்லாப் படையில் சேர்ந்தவர். 1944 அக்டோபரில் சுபோட்டிட்சா விடுதலையானபோது அங்கேயே கொல்லப்பட்டார். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கிளப் பெயர் இல்லை.

நிலா_ஸ்டாப்பர்
நான் மாவட்ட அளவில் ஆடியவள், அந்த இடத்திலிருந்து பேசுகிறேன். ரவி அண்ணா "லீக்கின் நோய்" என்றது எனக்கு வலிக்கிறது. பலவீனமான லீக்கில் ஒரு கிளப்பாவது உறுதியாக நின்றால்தான் மற்ற ஊர்ப் பெண்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கும். யெலெனா சாங்கோவிச் ஸ்பார்டக்கில் ஆடியவர், 2022ல் இங்கிலாந்தின் செல்சிக்குப் போனார். கானாவின் எலிசபெத் அட்டோகூட ஐரோப்பாவில் கால் வைத்த ஆரம்பத்தில் ஸ்பார்டக்கில்தான் ஆடினார். கானாவிலிருந்து ஒரு பெண் சுபோட்டிட்சாவுக்கு வருகிறாள் என்றால், அங்கே சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நிச்சயம் என்பதால்தானே வருகிறாள்? எப்போதும் ஜெயிக்கும் அணி என்ற பெயர்தான் அந்தக் கதவைத் திறந்தது.

லெஃப்ட்விங் ரவி
நிலா, வலிக்கச் சொல்லவில்லை. சொல் கடுமையாகிவிட்டது, மன்னிக்கவும். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நல்ல வீராங்கனைகள் எல்லாரும் ஒரே ஊருக்குப் போனால் மற்ற ஊர்களில் யார் மிஞ்சுவார்கள்? யோவானா தம்ன்யானோவிச் பெல்கிரேடில் ரெட் ஸ்டாரில் ஆடி, 2013ல் நேராக வோல்ஃப்ஸ்பர்க் போனார், பின்னால் பயர்ன் மியூனிக். சுபோட்டிட்சா வழியாகப் போகாமலும் முடிந்ததே. 2022 ஏப்ரலில் ஸ்டாரா பாசோவாவில் செர்பியா ஜெர்மனியை 3-2 என்று தோற்கடித்தது. அதே ஜெர்மனி சில மாதத்தில் யூரோ இறுதியில் வெம்பிளியில் ஆடியது. அந்த வெற்றிக்குக் காரணம் வெளிநாட்டு லீக்குகளில் பழகிய கால்கள். இவ்வளவு திறமை இருந்தும் செர்பியா இதுவரை ஒரு உலகக்கோப்பைக்கோ யூரோவுக்கோ தகுதி பெறவில்லை. உள்ளூரில் வாராவாரம் கடுமையான ஆட்டம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தென்பக்கத்து முருகேசன்
ரவி சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் பழியை சுபோட்டிட்சா மேல் போடாதீர்கள். கதவைச் சுருக்கியது வேறு இடத்தில். முன்பெல்லாம் தகுதிச் சுற்றில் நான்கு அணி கொண்ட குழு, மூன்று ஆட்டம் நிச்சயம். குழுவில் முதலிடம் வந்தால் கடைசி 32ல் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. அதனால்தான் வோல்ஃப்ஸ்பர்க் போன்ற அணி அந்த ஊருக்கே வந்தது, அகல்யா சொன்ன பாட்டி மாதிரி ஆட்கள் நேரில் பார்க்க முடிந்தது. 2021-22ல் முறையை மாற்றி, முதல் சுற்றை ஒரே இடத்தில் நடக்கும் குட்டிப் போட்டியாக்கினார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றால் மூன்றாம் இடத்துக்கு ஒரு ஆட்டம், அவ்வளவுதான், வருடம் முழுக்க உழைத்தது முடிந்தது. பணக்கார கிளப்புகளுக்கு ஏற்ற ஏற்பாடு. 2025-26ல் இரண்டாவது ஐரோப்பியப் போட்டி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள், அதில் இவர்களுக்குக் கூடுதல் ஆட்டங்கள் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். என் ஓட்டு இன்னும் நிஷ்ஷுக்குத்தான். குண்டு விழுந்த வருடத்திலும் பயிற்சிக்கு வந்த பெண்களை எந்தப் பட்டியலை வைத்து அளப்பீர்கள்?

அகல்யா_செகெட்
அளக்க முடியாது அண்ணா. அந்தக் காலத்துக்கு மஷீனாட்ஸ் என்று எழுதிக்கொள்கிறேன். 2010க்குப் பிறகு ஸ்பார்டக் என்பதிலிருந்து மட்டும் நகர மாட்டேன். ஜூன் விடுமுறையில் பெல்கிரேடிலிருந்து பேருந்தில் நிஷ் போகலாம் என்றிருக்கிறேன். அந்த அணியில் ஆடிய யாராவது ஒருவரைச் சந்தித்துப் பேச வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்று எல்லாரும் ஆளுக்கொரு கேள்வி இங்கே எழுதி வையுங்கள்.

நிலா_ஸ்டாப்பர்
அக்கா, என் கேள்வி: 1999ல் ஷூ எங்கிருந்து கிடைத்தது?