மூன்று 2×10 சேர்த்த டெக் பீம்: 1.15 போட்டால் பாஸ், போடாவிட்டால் ஃபெயில்

டெக்_வரைவு:
அமெரிக்க மேற்குக் கரை வேலை, என்டிஎஸ் (அமெரிக்க மரக் கட்டுமான வடிவமைப்பு விதி) படி. வெளிப்புற டெக்குக்கு மூன்று 2×10 பலகையை ஆணியடித்துச் சேர்த்த பீம். டக்ளஸ் ஃபிர்-லார்ச் நம்பர் 2, ஸ்பான் (தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம்) 10 அடி, மொத்தச் சுமை அடிக்கு 480 பவுண்டு.

மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) 6,000 பவுண்டு-அடி, மூன்று ப்ளைக்கும் (சேர்த்த ஒவ்வொரு பலகையும் ஒரு ப்ளை) செக்‌ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்கும் குறுக்குவெட்டு அளவு) 64.2 கன அங்குலம். வளைவுத் தகைவு 1,122 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அனுமதி 900 × 1.1 (சைஸ் ஃபாக்டர்) = 990. ரிப்பிட்டிட்டிவ் மெம்பர் ஃபாக்டர் (அருகருகே பல பலகைகள் சுமையைப் பங்கிடும்போது அனுமதியைக் கூட்டும் பெருக்கி) 1.15 சேர்த்தால் 1,138. சாஃப்ட்வேர் தானாக 1.0தான் எடுக்கிறது. "பீம் ஒன்றுதானே, ரிப்பிட்டிட்டிவ் எங்கிருந்து வந்தது?" என்று செக்கிங்கில் திருப்பிவிட்டார்கள். யார் சொல்வது சரி?

மரக்கணக்கு:
1.15 போடலாம். பீம் ஒன்றா இரண்டா என்பது இங்கே கேள்வியே இல்லை, ப்ளை எத்தனை என்பதுதான். விதி கேட்பது: 2 முதல் 4 அங்குலத் தடிமனுள்ள டைமென்ஷன் லம்பர், குறைந்தது மூன்று, ஒட்டியபடி அல்லது 24 அங்குலத்துக்குள், சுமையைப் பங்கிடும் அமைப்பால் இணைந்திருக்க வேண்டும். உங்கள் மூன்று ப்ளையும் ஒட்டியே நிற்கின்றன.

காரணம் எளிது. முடிச்சு விழுந்த பலவீனமான ப்ளை பெரும்பாலும் வளையும் தன்மையிலும் தளர்வாகவே இருக்கும். மூன்றும் ஒரே அளவு வளைந்தாக வேண்டும் என்பதால் விறைப்பான ப்ளைகள் அதிகச் சுமையை வாங்கிக்கொள்ளும். மூன்றுமே ஒரே இடத்தில் பலவீனமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இரண்டு ப்ளை ஹெடருக்கு (கதவு, ஜன்னல் மேல் வரும் பீம்) இதைப் போடாதீர்கள், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஷியர் (வெட்டுத் தகைவு), இ-மதிப்பு (மரத்தின் விறைப்பு), தாங்குமுனை நசுக்கம் எதற்கும் இது கிடையாது, வளைவுக்கு மட்டும். எல்விஎல் (மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த மரம்) என்றால் 1.04, க்ளூலாமுக்கு (பலகைகளை ஒட்டிச் செய்த பீம்) இல்லவே இல்லை. ஏதாவது ஒரு ப்ளையை நடு ஸ்பானில் ஒட்டுப்போட்டால் அந்த இடத்தில் உங்களிடம் இருப்பது இரண்டு ப்ளைதான். ஒட்டு போஸ்ட்டின் மேல்தான் வர வேண்டும்.

ஈரமரம்:
1.15 பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, வெளிப்புற டெக் என்றால் பலகை ட்ரீட்டட்தானே (அழுகாமல் இருக்க மருந்தேற்றியது)? டக்ளஸ் ஃபிரில் மருந்து எளிதில் இறங்காது, அதனால் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் கீறல் போட்டுத்தான் ட்ரீட் செய்வார்கள். அப்படிக் கீறிய, அதாவது இன்சைசிங் செய்த பலகை என்றால் வளைவுக்கும் ஷியருக்கும் 0.80, இ-மதிப்புக்கு 0.95.

டெக்_வரைவு:
ஆமாம் சார், டிராயிங் நோட்டில் இன்சைஸ்டு என்றே இருக்கிறது. கணக்கில் விட்டுவிட்டேன். 1,138 × 0.8 = 911. 1,122க்கு முன்னால் நிற்காது. ஈரத்துக்கும் குறைக்க வேண்டுமா? இன்னொன்று, ஜாயிஸ்டுகள் (டெக் பலகைகளைத் தாங்கும் குறுக்கு மரங்கள்) பீமின் மேலே உட்காரவில்லை, ஒரு பக்கத்தில் மட்டும் ஹேங்கரில் (உலோகத் தாங்கி) தொங்குகின்றன.

ஈரமரம்:
வளைவுக்கு ஈரக் குறைப்பு 0.85. ஆனால் அடிப்படை மதிப்பு × சைஸ் ஃபாக்டர் 1,150க்கு மேல் போகாவிட்டால் அது 1.0 ஆகிவிடும். உங்களுக்கு 990, தப்பித்தீர்கள். இந்தச் சோதனையில் 1.15-ஐச் சேர்க்கக் கூடாது. ஷியருக்கு 0.97, இ-மதிப்புக்கு 0.9. இரண்டுமே உங்களுக்குத் தொல்லை தராது: ஷியர் 87 பிஎஸ்ஐ, அனுமதி 140. தொய்வு சுமார் 0.27 அங்குலம், அனுமதி எல்/360 (ஸ்பானை 360ஆல் வகுத்தது), அதாவது 0.33.

வழி இரண்டு. நான்காவது 2×10 சேர்த்தால் தகைவு 842, அனுமதி 911. அல்லது மூன்று 2×12: சைஸ் ஃபாக்டர் 1.0, அனுமதி 900 × 1.15 × 0.8 = 828, தகைவு 759. என் தேர்வு 2×12தான். நான்கு ப்ளையை ஒழுங்காக ஆணியடித்து இறுக்குவது தளத்தில் அவ்வளவு சுலபமில்லை.

மரக்கணக்கு:
ஒரு பக்க ஹேங்கர் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அப்போது முழுச் சுமையும் வெளி ப்ளையில்தான் இறங்குகிறது. மூன்றும் சேர்ந்து வளைய வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது அடிக்கு 320 பவுண்டு, ஆணி வழியாகவே இரண்டாம் ப்ளைக்குக் கடக்க வேண்டும். அங்கிருந்து மூன்றாவதுக்கு 160. கட்டட விதியின் ஆணிப் பட்டியலில் இருக்கும் வழக்கமான பீம் ஆணியடிப்பு (மேலும் கீழும் 24 அல்லது 32 அங்குல இடைவெளி) இதற்குப் போதவே போதாது.

16டி காமன் ஆணி, 3½ அங்குல நீளம், ஒன்று தாங்குவது 141 பவுண்டு. ஈர இணைப்புக்கு 0.7 போட்டால் 98. முதல் இடைமுகத்துக்கு அடிக்கு 3.3 ஆணி: ஹேங்கர் பக்கத்திலிருந்து மூன்று வரிசை, 10 அங்குல இடைவெளி. பெயரில் 2 என்றாலும் ப்ளையின் உண்மைத் தடிமன் 1½ அங்குலம், அதனால் அந்த ஆணி மூன்றாம் ப்ளைக்குள் அரை அங்குலம்தான் போகும், அதை நம்ப முடியாது. பின்பக்கத்திலிருந்து தனியாக இரண்டு வரிசை, 12 அங்குலத்தில் அடியுங்கள். இரண்டு பக்க ஆணிகளும் நேருக்கு நேர் வராமல் தள்ளித் தள்ளி. எல்லாம் ஹாட்-டிப் கால்வனைஸ்டு.

இந்த ஆணி விவரம் டிராயிங்கில் இல்லையென்றால் 1.15 கேட்க உங்களுக்கு முகாந்திரமே இல்லை.

டெக்_வரைவு:
மூன்று 2×12 ஆக மாற்றி, ஆணி டீடெயிலையும் போட்டுவிட்டேன். டெக் மட்டம் மாறக் கூடாது என்பதால் போஸ்ட் 2 அங்குலம் குறைகிறது. 1.15க்கு விதி எண்ணோடு ஒரு வரி நோட்டும் சேர்த்தாயிற்று.