ஈசூன் நாலறை வீட்டுக்கு எவ்வளவு விலை சொல்வது?

கறிவேப்பிலை:
சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீடு பிடித்துப்போய்விட்டது. எட்டாவது மாடி, நல்ல காற்று. 548,000 வெள்ளி கேட்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தளத்தில் பார்த்ததில், அதே புளோக்கில் 4-6 மாடிக்குள் ஒன்று 502,000க்குப் போயிருக்கிறது. பக்கத்து புளோக்கில் 10-12 மாடிக்குள் ஒன்று 521,000. லீஸ் (குத்தகைக் காலம்) 61 ஆண்டு மீதி. எனக்கு வயது 29, கணவருக்கு 32. இருவரும் குடிமக்கள், முதல் வீடு. எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வீவக சொல்லும் எச்எஃப்இ கடிதம் வந்துவிட்டது, வீவக கடன்தான் எடுக்கிறோம். ரொக்கம் 25,000க்கு மேல் புரட்ட முடியாது, அதிலேயே ரெனவேஷனும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழர். சமையலறை கேபினட்டைத் தட்டிக் காட்டி, "இதுக்கு மட்டும் பதினெட்டாயிரம் ஆச்சும்மா" என்றார். கதவெல்லாம் நன்றாகத்தான் மூடுகிறது. ஆனால் சிங்குக்குக் கீழே பலகை ஊறி உப்பியிருந்தது. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டதும் அவர் மனைவி அரிசி வாளியை மெதுவாக அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தார். அவர்களுடைய முகவரோ, இன்னொரு குடும்பம் நாளைக்கே கையெழுத்துப் போடத் தயார் என்கிறார்.

பத்து விழுக்காடு குறைத்துக் கேள் என்கிறார் அம்மா. கேட்டதைக் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது?

கோப்பி ஓ கொசோங்:
480,000 சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்கவில்லை என்றால் அதுவே அதிகம் லா.

பழைய முகவர்:
தங்கச்சி, அம்மா, கணவர் இரண்டு பேருமே வீட்டுக்காரர் சொன்ன எண்ணில்தான் தொங்குகிறார்கள். அது அவர் ஆசைப்பட்ட விலை. மதிப்பீடு எவ்வளவு வரும் என்று பாருங்கள்.

2014 மார்ச்சுக்கு முன்னால் மதிப்பீட்டு அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு மேல் எத்தனை ஆயிரம் என்றுதான் பேரமே நடக்கும். இப்போது விலை பேசி ஓடிபி (அந்த விலைக்கு விற்கிறேன் என்று வீட்டுக்காரர் எழுதித் தரும் பத்திரம்) வாங்கின பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். அடுத்த வேலை நாளுக்குள் 120 வெள்ளி கட்டிக் கேட்க வேண்டும். நீங்கள் 535,000க்குத் தலையாட்டிவிட்டு, மதிப்பீடு 515,000 என்று வந்தால், இடையில் இருக்கிற 20,000 முழுக்க ரொக்கம். சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணமும் எடுக்க முடியாது, கடனும் கிடையாது. அப்புறம் ரெனவேஷனை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த இரண்டு விற்பனையையும் வைத்துப் பார்த்தால் 510,000-520,000 வரலாம் என்பது என் கணக்கு. எந்த மாதம் விற்றது என்றும் பாருங்கள். கேபினட்டுக்குச் செலவழித்த பதினெட்டாயிரம் மதிப்பீட்டில் அப்படியே ஏறாது.

வயதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. 29ம் 61ம் 90. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை லீஸ் வராவிட்டால், சிபிஎஃப் எடுக்கும் அளவும் வீவக கடனும் விகிதப்படி குறையும். கடிதத்தில் இருக்கிற தொகையை நம்பி வாயைக் கொடுத்துவிடாதீர்கள். கடன் எப்படியும் 75 விழுக்காட்டைத் தாண்டாது; விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் அந்த 75. முத்திரைத் தீர்வையையும் கணக்கில் வையுங்கள், 520,000 என்றால் 10,200.

அந்த "இன்னொரு குடும்பம்" எனக்கு நன்றாகவே தெரிந்த குடும்பம். நான் வேலை பார்த்த காலத்தில் எல்லா வீட்டுக்கும் வருவார்கள். நிஜமா என்று தெரிய வேண்டுமானால், வீவக தளத்தில் புளோக் எண்ணைப் போட்டு இன விகிதத்தை, அதாவது ஒவ்வோர் இனத்தவருக்கும் இத்தனை வீடுதான் என்ற வரம்பைப் பாருங்கள். சீனர் விகிதம் நிரம்பியிருந்தால், தமிழரான அவர் சீனர் யாருக்கும் விற்க முடியாது. வீடு பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதோடு கழிந்தார்கள்.

கறிவேப்பிலை:
பார்த்துவிட்டேன் அண்ணே, சீனர் விகிதம் நிரம்பிவிட்டது! அப்படியானால் 490,000 என்று ஆரம்பிக்கலாமா?

உட்லண்ட்ஸ் அக்கா:
ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த வீட்டோடு அந்தச் சிக்கலையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். நாங்கள் எங்கள் பழைய வீட்டை விற்றபோது, ஒரு சீனத் தம்பதிக்கு ரொம்பப் பிடித்து, கேட்ட விலையே தருகிறேன் என்றார்கள். விற்க முடியவில்லை. கடைசியில் ஒரு மலாய்க் குடும்பத்துக்குக் குறைத்துத்தான் கொடுத்தோம். விகிதம் மாதம் முதல் தேதி புதுப்பிக்கப்படும், அதனால் அடுத்த மாதமே நிலைமை மாறினாலும் மாறும். மாறாமலே கிடந்தாலும் கிடக்கும். நாளைக்கு விற்கும்போது நீங்கள் விடப்போகிற காசை இன்றைக்கே விலையில் கழித்துக்கொள்வதில் தப்பே இல்லை. அதற்காக அந்தப் பெரியவர் கழுத்தை நெரிக்க வேண்டாம்மா, அவரும் வேறு வழியில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவர்கள் எங்கே குடி போகிறார்கள் என்று கேட்டீர்களா?

கறிவேப்பிலை:
மகள் வீட்டுக்குப் பக்கத்தில் மூவறை வீட்டுக்கு ஓடிபி எடுத்துவிட்டார்களாம், அக்கா. அங்கே ரெனவேஷன் வேலை செய்துவிட்டுத்தான் குடி போக வேண்டுமாம்.

பழைய முகவர்:
அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. விற்ற பிறகும் அதே வீட்டில் மூன்று மாதம் வரை தங்க வீவகவில் அனுமதி உண்டு, இரண்டு தரப்பும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வாங்காமல் இரண்டு மாதம் இருக்க விடுகிறோம் என்று சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இரண்டு தடவை சாமான் தூக்குகிற அலைச்சல் மிச்சம்; அதற்காகவே விலையில் இறங்குவார்கள்.

490,000 வேண்டாம், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். 505,000இல் தொடங்கி 518,000இல் நில்லுங்கள். மதிப்பீடு மோசமாக வந்தால் ஓடிபி வாங்கிய 21 நாளுக்குள் யோசித்து விட்டுவிடலாம், போவது அதற்குக் கொடுத்த ஆப்ஷன் பணம் மட்டும்.

கறிவேப்பிலை:
505,000 என்றதும் முகவர் சிரித்தார். இரண்டு மாதம் தங்கிக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு பெரியவரே நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார். 516,000இல் முடிந்தது, செவ்வாய்க்கிழமை ஓடிபி. ஆப்ஷன் பணம் 1,000 கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் முகவர். அப்படியா அண்ணே?

பழைய முகவர்:
1,000 உச்சவரம்பு, அவ்வளவுதான். 1 வெள்ளியிலிருந்து எதுவும் கொடுக்கலாம். 500 சொல்லிப் பாருங்கள். இன்னொன்று, மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது உங்கள் வேலை. புதன்கிழமையைத் தவறவிட்டுவிடாதீர்கள்.