பிளஸ் ஒன் ஃபீஸ்: கட்டவா, எய்டட் (அரசு உதவி பெறும்) ஸ்கூலுக்கு மாத்தவா?

பாளை_தையல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாளையங்கோட்டை. வீட்டுக்காரர் மருந்து மொத்தக் கடையில பில் போடுதாங்க, சம்பளம் 24,000. நான் வீட்டுல பிளவுஸ் தைக்கேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ராத்திரி ஒரு மணி வரைக்கும் மிஷின் ஓடும். ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து நோன்பு காலத்துல நம்ம ஆளுக யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க, அப்போ ஊக்கு தைக்கக்கூட ஆள் வராது.

பெரியவ பத்தாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்கு இருக்கா. சின்னவ அஞ்சாவது முடிச்சிட்டா. எல்கேஜியில இருந்தே ரெண்டு பேரும் ஒரே கிறிஸ்டியன் மெட்ரிக் பள்ளி. பெரியவளுக்கு பயோ-மேத்ஸ் குரூப். ஃபீஸ் 32,000, புக்கு, யூனிஃபார்ம் 7,500, வேன் மாசம் 1,200. இது போக ஸ்பெஷல் கோச்சிங்னு 12,000 கேக்காங்க. அதுக்கு மட்டும் பில் கிடையாது, துண்டுச் சீட்டுல கையெழுத்து போட்டுத் தாராங்க. சின்னவளுக்குத் தனியா 21,000. வாடகை 6,500, மகளிர் குழு லோன் 2,300. சபைக்குக் குடுக்குற தசமபாகத்துல (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) கை வைக்க எங்க ரெண்டு பேருக்கும் மனசு இல்ல.

ரெண்டு பேரையும் மாத்திரலாம்னா எங்க அத்தை, "வேதபாடம் சொல்லித் தராத பள்ளியிலயா போடப் போற?"ன்னு கேக்காங்க. சின்னவளுக்கு ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்டத்துல) இலவச இடம் கிடைக்குமா? இல்ல, நகைய வச்சுக் கட்டிரவா?

நாசரேத்_பிரதர்:
சிஸ்டர், கர்த்தர் வழி திறப்பார். கவலைப்படாதீங்க, ஜெபிக்கிறோம்.

பாளை_தையல்காரி:
நன்றி பிரதர். ஃபீஸ் கட்ட ஜூன் பத்து வரைக்கும்தான், அதுக்குள்ள திறந்தா நல்லாருக்கும் 🙂

ரிட்டையர்டு_கணக்கு_டீச்சர்:
எய்டட் பள்ளியிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், தெரிந்து கேட்டுக்கொள்ளம்மா.

ஆர்டிஇ நினைப்பை விட்டுவிடு. உங்கள் கிறிஸ்தவப் பள்ளி போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் சொல்லிவிட்டது. மற்ற தனியார் பள்ளியிலும் அந்த 25 சதவீத இலவச இடம் ஆரம்ப வகுப்பில் சேர்க்கும்போதுதான்.

அடுத்து அந்தத் துண்டுச் சீட்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த நம் மாநிலத்தில் 2009-லேயே சட்டம் வந்தாயிற்று. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயிக்கிறது, அதற்கு மேல் வாங்கக் கூடாது. சண்டை போடாதே. ஆபீசில் போய், "கமிட்டி போட்ட ஃபீஸ் எவ்வளவு, கோச்சிங் கட்டாயமா?" என்று மட்டும் கேள். பாதிப் பள்ளிகளில் அந்தக் கேள்விக்கே கோச்சிங் 'விருப்பம் இருந்தால்' என்று ஆகிவிடும்.

இப்போது பிள்ளைகள். ஃபீஸ் மிச்சம் என்பது தவிர, பெரியவளை மாற்றி வேறு பெரிய பலன் இல்லை. புதுமைப்பெண் திட்டத்தில் காலேஜ் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் வர, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, எய்டட் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். மெடிக்கல் சீட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடோ அரசுப் பள்ளிக்கு மட்டும், எய்டடுக்குக் கிடையாது. அவளுக்கு இந்த இரண்டும் கைவிட்டுப் போயாயிற்று. இருக்கிற இடத்திலேயே இரண்டு வருடத்தை முடிக்கட்டும்.

சின்னவள் ஆறாம் வகுப்பு வாசலில் நிற்கிறாள். நீ யோசிக்க வேண்டியது அவளைப் பற்றித்தான். எய்டட் பள்ளியில் தமிழ் வழிக்கு ஃபீஸ் இல்லை, புத்தகம் இலவசம், பஸ் பாஸ் உண்டு, பிளஸ் ஒன்னில் சைக்கிள். இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் என்றால் பணம் கட்ட வேண்டியிருக்கும், புதுமைப்பெண்ணும் வராது. அதை முன்பே விசாரித்துக்கொள். உன் அத்தையிடம் சொல்: சாராள் தக்கரும் மேரி சார்ஜென்ட்டும் மிஷனெரிகள் வழிவந்த பள்ளிகள்தானே? பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஜெபம் சொல்லும் பள்ளிக்கா பஞ்சம்!

பெரியவள் ஃபீஸில் சலுகை கேட்க சேகர குருவானவரிடம் (உங்கள் சபைப் போதகரிடம்) கடிதம் வாங்கு. 'கஷ்டப்படுகிறோம்' என்று மொட்டையாக எழுத வேண்டாம். சம்பளச் சீட்டு, வாடகை, குழுத் தவணை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் நீயே குறித்துக் கொடு. தாளாளர் மேஜையில் இருபது கடிதம் கிடக்கும். தொகை எழுதியிருக்கும் கடிதத்துக்குத்தான் உடனே பதில் எழுத முடியும். நகை அடகு கடைசி வழி, அதுவும் முதல் டேர்முக்கு மட்டும்.

தூத்துக்குடி_ஆடிட்டர்_ஆபீஸ்:
ஃபீஸ் ரசீது காட்டினா டாக்ஸ் குறையும்னு யாராவது சொல்லுவாங்க. அந்தக் கழிவு பழைய வரி முறையில மட்டும்தான் உண்டு, 24,000 சம்பளத்துக்கு வரியே கிடையாது. அதை மறந்துடுங்க அக்கா. போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு (பெண் பிள்ளைகளுக்கான சேமிப்பு) இருந்தா, பத்தாவது முடிச்ச பிள்ளைக்குப் படிப்புச் செலவுக்குப் பாதி வரைக்கும் எடுக்க விதி இருக்கு. ஆனா எடுக்காதீங்க, காலேஜுக்கு வேணும்.

பாளை_தையல்காரி:
செல்வமகள் சின்னவளுக்கு மட்டும்தான் போட்டிருக்கோம், தொட மாட்டேன். டீச்சரம்மா, குருவானவர் ஐயரை ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பாக்கேன். வீட்டுக்காரர் சின்னவளை மாத்த சரின்னுட்டாங்க. அவதான் "என் ஃப்ரெண்டு ஒருத்தியாவது வருவாளா"ன்னு மூக்கைச் சிந்துதா. ஆறாவது சேக்க என்னென்ன கொண்டு போகணும்?

ரிட்டையர்டு_கணக்கு_டீச்சர்:
டிசி, ஆதார், சாதிச் சான்று, போட்டோ. எமிஸ் நம்பரையும் (கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எண்) பழைய பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள். ஃபீஸ் பாக்கி இருந்தால் டிசி தர இழுத்தடிப்பார்கள். சின்னவள் கணக்கை முதலில் தீர்த்துவிட்டு, அப்புறம் பெரியவளுக்குச் சலுகை கேட்கப் போ.