எல்க் வேட்டை வில்லை 50 மீட்டர் போட்டிக்கு மாத்தலாமா? அம்பு எடை எவ்வளவு வேணும்?

பனங்காடு:
வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன். தங்கச்சி பையனுக்கு 19 வயசு, வலது கைக்காரன், டிரா லெங்த் (நாணை முழுசா இழுக்கிற நீளம்) 29 அங்குலம். காம்பவுண்ட் (கப்பி வெச்ச வில்) 50 மீட்டர்ல போட்டிக்கு இறங்கப் போறான். கொலராடோவில இருக்கிற மச்சான் எல்க் வேட்டைக்கு வாங்கின வில்லையும் அம்பையும் அவன்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கார்.

வில்லோட லிம்ப் (வளையற கை) 60–70 பவுண்டு இழுவைப் பலம், இப்ப 70-ல நிக்குது. கப்பி அச்சுக்கு அச்சு 32 அங்குலம், லெட்-ஆஃப் (முழுசா இழுத்ததும் குறையற பாரம்) 85 சதவீதம். அம்பு 300 ஸ்பைன் (விறைப்பு எண்), 28.5 அங்குலம். முன்னாடி 50 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் 0.065 கிராம்) பித்தளை இன்சர்ட் (முனையை மாட்டற உள்குழாய்), அதுக்கு மேல 125 கிரெய்ன் முனை. மொத்தம் 485 கிரெய்ன்.

பிரச்சினை என்னன்னா, போட்டிக்காகப் பலத்தை 60-க்கு இறக்கி அடிச்சா, 50 மீட்டருக்கு சைட்டைக் கீழ கடைசி வரைக்கும் இறக்க வேண்டியிருக்கு. அம்போட வேன் (வாலில ஒட்டின பிளாஸ்டிக் இறகு) சைட்டோட ஸ்கோப் (லென்ஸ்) வளையத்தில உரசிட்டுப் போகுது. ஆனா எல்க் வேட்டைக்காரங்க எல்லாரும் கனமான அம்புதான் காத்துக்கு அசையாதுங்கறாங்க. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற இந்த ஊருக்கு அதுதானே சரி? 485-ஐயே வெச்சுக்கலாமா, குறைக்கலாமா? வேற என்னென்ன மாத்தணும்?

அம்பறாத்தூணி:
முதல்ல பலம். உலக வில்வித்தை விதிப்படி காம்பவுண்டுக்கு உச்ச பலம் 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன்னாடி தராசுல மாட்டி இழுத்துப் பார்ப்பாங்க, 60.5 வந்தாலும் நிறுத்திடுவாங்க. அதனால 58-ல வைங்க. வில் தராசு இல்லைன்னா பெட்டி தூக்கிப் பார்க்கிற டிஜிட்டல் கொக்கித் தராசே போதும். டி-லூப்பில (நாண்ல கட்டின சின்னக் கயிறு வளையம்) மாட்டி மெதுவா இழுக்கறப்ப வர்ற அதிகபட்ச அளவு 26.3 கிலோவுக்குப் பக்கத்தில இருக்கணும். 27.2 கிலோதான் 60 பவுண்டு. எந்தக் காரணத்துக்கும் அம்பில்லாம நாணை விட்டுடாதீங்க, லிம்ப் வெடிச்சிரும்.

லிம்ப் போல்ட்டை மேலயும் கீழயும் ஒரே அளவு தளர்த்தணும். கால் சுத்து மேல, கால் சுத்து கீழன்னு மாத்தி மாத்திப் போங்க. தொடங்கறதுக்கு முன்னாடி போல்ட் தலையில நகப்பூச்சால ஒரு புள்ளி வெச்சுட்டா எண்ணிக்கை தப்பாது. அதிகபட்சம் எத்தனை சுத்துன்னு வில்லோட கையேட்டில இருக்கும். அதைத் தாண்டினா போல்ட் மரையில பிடிப்பு போயிடும், இழுத்து நிக்கறப்ப பிடுங்கிட்டு முகத்துக்கு வரும். 60–70 லிம்ப் அடிமட்டத்தில 60, 61-லயே நின்னுபோச்சுன்னா வற்புறுத்தி இறக்காதீங்க, 50–60 லிம்ப் மாத்தறதுதான் வழி. பலம் மாறினதும் பிரேஸ் உயரமும் (பிடிக்கும் நாணுக்கும் நடுவில உள்ள தூரம்) பீப் (நாண்ல இருக்கிற பார்வைத் துளை) நிக்கிற கோணமும் கொஞ்சம் மாறும். அதனால சைட்டைத் தொடறதுக்கு முன்னாடி நாக் (நாணைக் கவ்வற அம்பு வால்) உயரத்தைத் திரும்ப அளக்கணும்.

இப்ப எடை. எல்க்குங்கறது நம்ம பறம்பிக்குளம் கடமானைவிடப் பெரிய மான். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அதோட விலா எலும்பைத் தாண்டி அம்பு உள்ள போகணும், அதுக்குத்தான் கனம். 50 மீட்டர்ல நீங்க துளைக்கப் போறது நுரைப் பலகையை. அங்க வேண்டியது 12 அம்பும் ஒரே மாதிரி போறது.

கணக்கா சொல்றேன். 60 பவுண்டுல 485 கிரெய்ன் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 235 அடி போகும், 360 கிரெய்ன் அம்பு 268 அடி. 50 மீட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள கனமானது சுமார் 2.5 மீட்டர் இறங்குது, லேசானது 1.9 மீட்டர். உங்க சைட் அடியில போய் முட்டறது இதனாலதான். இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. பையன் பின்சுவரை (இழுப்பு முடிஞ்சு முட்டி நிக்கிற இடம்) ஒரே அழுத்தத்தில பிடிக்காம அம்பு வேகம் 1 சதவீதம் மாறினா, கனமான அம்பு 5 செ.மீ. மேல கீழ போகும், லேசானது 4 செ.மீ.க்கு உள்ளயே நிக்கும். 80 செ.மீ. இலக்கில 10 வட்டத்தோட விட்டம் 8 செ.மீ. நடுவில இருந்து கோடு வரைக்கும் 4 செ.மீ.தான். அதே பிழைக்கு ஒரு அம்பு 10, இன்னொண்ணு 9.

வாளையார் காத்து:
காத்து விஷயத்தில அம்பறாத்தூணி அண்ணன் சொன்னதோட கொஞ்சம் சேர்க்கணும். எல்க் வேட்டைக்காரங்க சொல்றதில பாதி உண்மை. அம்பு எவ்வளவு நேரம் பறக்குதுங்கறதை வெச்சு மட்டும் காத்து தள்ளறதில்லை. வழியில எவ்வளவு வேகத்தை இழக்குதுங்கறதை வெச்சுத்தான் தள்ளும். கனமான அம்பு வேகத்தை மெதுவா இழக்கும், அதனால அதே தடிமன்ல கனம் கூடினா விலகல் குறையத்தான் செய்யும். ஆனா 360-ல இருந்து 485-க்குப் போனாலும் மிச்சமாகறது ஆறுல அல்லது ஏழுல ஒரு பங்குதான். அதுக்குப் பதிலா ஷாஃப்டை (அம்புத் தண்டு) ஒரு மில்லிமீட்டர் ஒல்லியாக்கி, உயரம் குறைஞ்ச சின்ன வேன் போட்டா அந்த லாபம் எடை கூட்டாமலே கிடைக்கும். விதி 9.3 மி.மீ. விட்டம் வரை தடியான அம்பை அனுமதிக்குதுன்னு உள்ளரங்கத்துக்கு வாங்கின தடி அம்பை வெளியில கொண்டு வந்துடாதீங்க. கோட்டைத் தொடும்கிற லாபம் 18 மீட்டர்ல, காத்தில்லாத இடத்தில மட்டும்தான்.

நம்ம பாலக்காட்டுக் கணவாயில இன்னொரு சங்கதி. வெயில் கண்ணைக் குத்தக் கூடாதுன்னு இலக்கை வழக்கமா வடக்குப் பக்கம் வைப்பாங்க. ஆனி ஆடியில காத்து மேக்கில இருந்து, மார்கழி தையில கிழக்கில இருந்து. ரெண்டுமே நேர் குறுக்குக் காத்து. எதிர்க்காத்தாவோ பின்காத்தாவோ கிடைக்கிறது அபூர்வம். அதனால 320 கிரெய்ன் மாதிரி ரொம்ப லேசாவும் போயிடாதீங்க. 350-க்கும் 380-க்கும் நடுவில, ஒல்லி ஷாஃப்ட், முனையில 110, 120 கிரெய்ன். இந்த ஊருக்கு இதுதான் என் கணக்கு.

இலக்குக்கு மேல இருக்கிற கொடியை மட்டும் பார்க்கக் கூடாது. கொடி சொல்றது 50 மீட்டர்ல இருக்கிற காத்தை. வில்லை விட்டு வெளிய வர்ற இடத்தில தள்ளினா விலகல் கடைசி வரைக்கும் வளரும், அதனால அடிக்கிற கோட்டுப் பக்கத்துக் காத்துதான் பெருசு. பக்கத்துப் பனையில ஓலை சலசலப்பு ஏறி இறங்கறதைக் கேக்கச் சொல்லுங்க. சலசலப்பு உச்சத்துக்குப் போய் அடங்கற இடத்தில விடணும். தகுதிச் சுற்றில 6 அம்புக்கும் சேர்த்து நிமிஷக் கணக்கில நேரம் இருக்கு, காத்திருக்கலாம். ஒத்தைக்கு ஒத்தை மாத்தி மாத்தி அடிக்கிறப்ப ஒரு அம்புக்கு 20 நொடிதான். அங்க காத்திருக்க முடியாது, சைட்டைத் தொடாம குறியைத் தள்ளி வெச்சு அடிக்கப் பழகணும்.

கொலராடோ வாசி:
எல்க் பக்கத்தை நான் சொல்கிறேன். அந்த 485 கிரெய்ன் அம்பு அதன் வேலைக்குச் சரியான அம்பு, அதைக் கழற்றி வீணாக்காதீர்கள், மச்சானுக்கே திருப்பி அனுப்புங்கள். இங்கே சட்டப்படி வில்லின் குறைந்தபட்ச பலம் 35 பவுண்டுதான். ஆனாலும் 60 முதல் 70 பவுண்டு, 425 முதல் 500 கிரெய்ன், அசையாத தகடுள்ள முனை என்றுதான் பெரும்பாலோர் போகிறார்கள். தூரம் 40 கெஜத்துக்குள். கனமான அம்பு வில்லின் சக்தியைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் வில் அதிராது, சத்தமும் குறையும். சத்தம் கேட்டால் அம்பு போய்ச் சேருமுன் எல்க் நகர்ந்துவிடும். நுரைப் பலகைக்குக் காதில்லை, அதனால் இந்தக் காரணங்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. தகடு முனையைப் பயிற்சிப் பலகையில் அடிக்கவே வேண்டாம், பலகை கிழியும், பிடுங்குகிறவர் கையும் கிழியும். ஒன்று கவனம்: இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் பக்கம் காரில் போகும்போது தகடு முனைகள் பையில் இருக்கவே கூடாது.

பனங்காடு:
ரொம்ப நன்றிங்க. அப்ப 360-க்கு ஸ்பைன் எவ்வளவு? பழைய 300 ஷாஃப்டையே வெட்டிச் சின்னதாக்கி, லேசான முனை போட்டா ஆகாதுங்களா?

அம்பறாத்தூணி:
ஆகாதுங்க. வெட்ட வெட்ட ஷாஃப்ட் இன்னும் விறைக்கும், முனை லேசானா அதுக்கு மேல விறைக்கும். 70 பவுண்டுக்கும் 175 கிரெய்ன் முன்கனத்துக்கும் வளையற 300, 58 பவுண்டுல 100 கிரெய்னோட கம்பி மாதிரி போகும். ஸ்பைன் எண் குறையக் குறைய விறைப்பு கூடும்ங்கறதை மறந்துடாதீங்க. 28 அங்குலத் தாங்கலுக்கு நடுவில 880 கிராம் தொங்கவிட்டா எத்தனை அங்குலம் தொய்யுதோ அதுதான் அந்த எண். 0.350 அங்குலம் தொய்ஞ்சா 350.

ஷாஃப்ட் 28 அங்குலத்துக்கு வெட்டி, 120 கிரெய்ன் முனை போட்டா 350. முனை 100-தான்னா 400-ம் ஓடும். ரெண்டுக்கும் நடுவில சந்தேகம் வந்தா விறைப்பான பக்கம் போங்க, காம்பவுண்ட் அதைப் பொறுத்துக்கும். தொய்வான அம்பைப் பொறுத்துக்காது.

எடைக் கணக்கு இப்படி வரும்: அங்குலத்துக்கு 7.2 கிரெய்ன் ஷாஃப்ட்னா 28 அங்குலத்துக்கு 202, முனை 120, நாக்கும் அதை மாட்டற பின்னும் 14, மூணு வேன் 15, பசையும் மத்ததும் 5. மொத்தம் 356. பவுண்டுக்கு 6 கிரெய்னுக்குக் கொஞ்சம் மேல. 5-க்குக் கீழ மட்டும் எப்பவும் இறங்காதீங்க, அது வில்லை வெறுமனே விடறதுக்குப் பக்கத்தில போயிடும்.

வெட்டறப்ப ஒரு எச்சரிக்கை. முழுசா இழுத்த நிலையில ஷாஃப்ட் நுனி ரெஸ்ட்டை (வில்லில அம்பு தங்கற தாங்கி) தாண்டிக் குறைஞ்சது ஒரு அங்குலம் முன்னால இருக்கணும். அதைவிடக் குட்டையா வெட்டினா நுனி ரெஸ்ட்டுக்குப் பின்னால விழுந்து, விடறப்ப கையில ஏறும். பையனுக்கு இழுப்பு இன்னும் அரை அங்குலம் வளர வாய்ப்பிருந்தா 28.5-ஆவே விடுங்க. கார்பனை ஹேக்ஸா பிளேடால அறுக்கக் கூடாது, நார் பிரிஞ்சு விரிசல் விடும். வேகமா சுத்தற கல் தகட்டில வெட்டி, முகமூடி போட்டுக்கங்க. முனையை ஒட்டறப்ப நெருப்பை ஷாஃப்டுக்குக் காட்டாதீங்க, முனையை மட்டும் சூடாக்கிப் பசையைத் தடவிச் சொருகி, உடனே தண்ணியில நனைச்சுக் குளிரவைங்க.

எடையைச் சரிபார்க்க நகைக்கடைத் தராசு போதும். 1 கிரெய்ன் 0.065 கிராம். 12 அம்பும் ஒண்ணுக்கொண்ணு 2 கிரெய்னுக்குள்ள, அதாவது 0.13 கிராமுக்குள்ள இருக்கணும்.

சமநிலையை அளக்க, முழு அம்பைக் கத்தி முதுகில வெச்சு நிக்கிற இடத்தைக் குறிங்க. நாக் பள்ளத்தில இருந்து அது 17.6 அங்குலம்னு வந்தா, பாதி நீளம் 14-ஐக் கழிச்சு 3.6, அதை 28-ஆல வகுத்தா ஏறக்குறைய 13 சதவீதம். 11-ல இருந்து 16 வரைக்கும் நல்லது.

அப்புறம் டியூன். நடு நிலையை 13/16 அங்குலத்தில, அதாவது வில்லோட பக்கவாட்டுத் தளத்தில இருந்து அம்பு நடுக்கோடு வரைக்கும் அளந்து, அங்க இருந்து தொடங்குங்க. 18 மீட்டர்ல வேன் போட்ட மூணு அம்பு, வேன் இல்லாத ரெண்டு அம்பு. வேன் இல்லாதது இடது பக்கம் விழுந்தா ரெஸ்ட்டை வலது பக்கம் நகர்த்துங்க, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா. மேல விழுந்தா நாக் இடம் தாழ்வா இருக்குன்னு அர்த்தம், டி-லூப்பை ஏத்துங்க. ரெண்டையும் ஒரே நேரத்தில மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. எவ்வளவு நகர்த்தியும் வேன் இல்லாத அம்பு மேலயோ கீழயோ தள்ளிப் போச்சுன்னா, முதல்ல ரெண்டு கேமும் (கப்பி) ஒரே நொடியில சுவரைத் தொடுதான்னு ஒருத்தரைப் பக்கத்தில நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்க.

வாளையார் காத்து:
வேன் உரசறதுக்கும் ஒரு வழி இருக்கு. வேகம் கூடினதும் சைட் தானே மேல ஏறிக்கும். இருந்தாலும் உரசுதான்னு சந்தேகம்னா வேன்ல டால்கம் பவுடரைத் தடவி ஒரு அம்பு விடுங்க. ஸ்கோப் வளையத்திலயோ ரெஸ்ட்டிலயோ கேபிள்லயோ வெள்ளைக் கோடு விழுந்திருந்தா உரசுது. கேபிள்ல விழுந்தா நாக்கைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். இன்னொண்ணு: பங்குனி சித்திரை வெயில்ல வில்லைக் கார் டிக்கியில வெச்சுட்டுப் போயிடாதீங்க. நாண் நீளும், பீப் திரும்பும், லிம்ப் ஒட்டு பிரியும். மழைக் காலத்தில இறகு போட்ட அம்பு வேண்டாம், பிளாஸ்டிக் வேன் போடுங்க.