பழம் இளகுவதற்குச் சொல்: ‘மென்மையாக்கும் நொதியம்’ வேண்டாம்

வணக்கம்.

பழம் இளகுவது பற்றி எழுதத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். பழத்தின் கலச்சுவரிலுள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளை வெட்டும் பொலிகலக்ரூரனேசுக்கு ‘மென்மையாக்கும் நொதியம்’ என்று நண்பர் தந்த சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. பழத்தை இளக்குவது அதுதான் என்று ஒருகாலம் நம்பினார்கள். அதன் பரம்பரையலகை (மரபணுவை) அடக்கி உருவாக்கிய ஃபிளேவர் சேவர் தக்காளி 1994இல் அமெரிக்கச் சந்தைக்கும் வந்தது. நொதியம் வெகுவாகக் குறைந்தும் பழம் இளகத்தான் செய்தது. பின்னாளில் பெக்டினை வெட்டும் இன்னொரு நொதியமான பெக்டேற் லயேசை அடக்கிப் பார்த்தபோதுதான் தக்காளி நன்றாக உறுதி காட்டியது. அப்படியிருக்க, பட்டத்தை முன்னதற்கு மட்டும் சூட்டுவது எப்படி?

முதலில் ‘கனிதல்’ வேறு, ‘இளகல்’ வேறு என்று பிரிப்போம். நிறம், இனிப்பு, மணம், இளக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் கனிதல். நிறமும் இளக்கமும் வந்து இனிப்பு வராததை நம் சனம் ‘வெம்பல்’ என்று எப்போதோ பிரித்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கத்துப் பப்பாசியைச் செங்காயாகப் பிடுங்கி, பேப்பர் சுற்றி, ஏ9 வழியே தம்புள்ளைக்கு ஏற்றுகிறார்கள். அங்கே வியாபாரி நிறத்தோடு விடுவதில்லை, காம்படியில் பெருவிரலால் ஓர் அமுக்கு. பள்ளம் விழுந்தால் ‘குழைஞ்சு போச்சு’ என்று விலையை இறக்கிவிடுவார். ஆகவே ‘குழைவு’ இளகல் மிஞ்சிய நிலைக்கே இருக்கட்டும்.

இனி நொதியங்கள். கலங்களை ஒட்டிவைப்பது அவற்றுக்கு இடையேயுள்ள நடுமென்றட்டு என்ற படையிலுள்ள பெக்டின். பெக்டின் மெதைல் எசுத்தரேசு என்ற நொதியம் அதிலிருந்து மெதைல் கூட்டங்களைக் கழற்றுகிறது. கழன்ற இடத்தில் கல்சியம் வந்து பிணைந்தால் சுவர் இறுகும். பொலிகலக்ரூரனேசு வந்தால் சங்கிலி அறும். பழங்களைக் கல்சியக் கரைசலில் தோய்ப்பது சுவர் இறுகட்டும் என்றுதான். ஒரே நொதியத்தின் வேலை இறுக்கத்திலும் முடியலாம், இளக்கத்திலும் முடியலாம் என்றால் அதை ‘மென்மையாக்கி’ என்பது சரியா? கலச்சுவரிலுள்ள இன்னொரு புரதமான எக்ஸ்பான்சினோ எதையும் வெட்டுவதே இல்லை. செலுலோசு இழைகளுக்கிடையே உள்ள பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். அதை நொதியம் என்று சொல்வதே இடிக்கும்.

ஆகவே செயலை வைத்தே பெயரிடுவோம்: எசுத்தரேசுக்கு ‘மெதைல் கழற்றி’, பொலிகலக்ரூரனேசு நீர்ப்பகுப்பால் வெட்டுவதால் ‘பெக்டின் நீர்வெட்டி’, எக்ஸ்பான்சினுக்கு ‘சுவர் தளர்த்தி’. தனித்தனியே பொருந்தாவிட்டாலும் எல்லாம் சேர்ந்தே பழம் இளகுவதால், மொத்தக் கூட்டத்துக்கு மட்டும் ‘இளக்கிப் புரதங்கள்’. ‘வெட்டி’ என்றதும் வெட்டிப்பேச்சு ஞாபகம் வந்து சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், மண்வெட்டியையும் பாக்குவெட்டியையும் யாரும் கேலி செய்வதில்லை.

பரம்பரையலகு செயற்படத் தொடங்குவதைச் சொல்லும் ‘பரம்பரையலகு வெளிப்பாடு’ பாடநூலில் ஊறிய சொல், அதில் கைவைக்க வேண்டாம். பழத்தைக் கனியவைக்கும் வாயுவான எதிலீன் பெருக, ரின் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் இந்தப் புரதங்களின் அலகுகளை முடுக்கிவிடுகிறது என்று எழுதினால் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் பிள்ளைக்கு விளங்கும்.

பெக்டேற் லயேசுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. அதுவும் வெட்டுகிறது, ஆனால் நீர் சேர்க்காமல். ‘வறள்வெட்டி’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒவ்வவில்லை. யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.