பீ.ஆர். (வியாபாரப் பதிவு) எடுத்தால் உண்மையில் என்ன மாறும்? (திருக்கடலூர்க் கருவாட்டுத் தொழில்)

கரைக்காற்று:
வணக்கம். திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் ஐந்து பெண்கள் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். சாளை, கீரி, அகப்பட்டால் கட்டா, பாரை. பருவ காலத்தில் கிழமைக்கு 60 கிலோ அளவில் காய்ந்த சரக்கு வரும். பதிவு கிடையாது, கணக்குக் கொப்பியும் கிடையாது. நகரத்து வியாபாரி ஒருவர் 50,000 ரூபா முற்பணம் தந்திருக்கிறார். பேச்சு என்னவென்றால் சரக்கு முழுவதும் அவருக்கே, சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 100 ரூபா குறைவாக.

கூட்டத்துக்குக் கூட்டம் "முறைசாராத் துறையில் இருந்தால் முன்னேற முடியாது, பீ.ஆர். எடுங்கள்" என்கிறார்கள். எடுத்தால் வரி வந்துவிடும் என்று இவர்களுக்குப் பயம். எடுப்பதா, விடுவதா? எடுப்பதென்றால் எப்படி?

கணக்குக்கொப்பி:
பீ.ஆரை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் அந்த முற்பணத்தைப் பாருங்கள். 60 கிலோவுக்கு 100 ரூபா வீதம் கிழமைக்கு 6,000 ரூபா போகிறது. 50,000 ரூபாவுக்குக் கிழமை வட்டி 12 சதவீதம். 26 கிழமையில் 156,000 ரூபா போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். யாரும் இதை வட்டி என்று சொல்வதில்லை, "விலை" என்று சொல்கிறார்கள். முறைசாராத் தொழில்களில் பெரிய செலவு எப்போதும் இப்படித்தான், விலைக்குள் ஒளிந்திருக்கும்.

நுண்கடன் எடுத்து அடைக்கலாமே என்பீர்கள். 50,000 ரூபா, வருடத்துக்கு 24 சதவீதம், 52 கிழமைத் தவணை என்று வைப்போம். தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. 24 என்று சொல்வது முழுத்தொகைக்குப் போட்ட வட்டி. கடன்தொகை கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே போவதால் உண்மை வீதம் 44 சதவீதத்துக்குக் கிட்ட வரும். மோசம்தான், ஆனாலும் மொத்த வட்டி 12,000 ரூபா. வியாபாரி இரண்டு கிழமையில் எடுப்பதும் அதே தொகை.

ஆனால் ஒன்று. வாடைக்காற்று தொடங்கி மாரி பிடித்ததும், நவம்பரில் இருந்து ஜனவரி வரை, கடலும் இல்லை வெயிலும் இல்லை. வியாபாரி அப்போது வந்து கேட்கமாட்டார். சரக்கு வந்தால்தான் அவருக்குக் கழிவு. தவணைக்காரர் மழையிலும் வருவார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் தொடங்குவது பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான். எனவே நுண்கடன் எடுத்தால் பெப்ரவரி, மார்ச்சில் எடுத்து ஒக்டோபருக்குள் முடிகிற தவணையாகக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் சீட்டுத்தான் நல்லது. பத்துப் பேர், மாதம் 5,000 ரூபா. ஐவரும் சேர்ந்து ஒரு பங்கு போட்டு முதல் சீட்டை எடுத்தால் முற்பணம் அன்றே அடைபடும். அதன்பின் பருவ மாதத்தில் ஏறத்தாழ 24,000 ரூபா மிஞ்சும், அதில் 5,000 ரூபா சீட்டுக்குப் போகும். சீட்டு முறிவது எங்கே என்றால், முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமல் விடுகிற இடத்தில். கட்டுவாரோ என்று சந்தேகமுள்ள ஆளுக்குக் கடைசிச் சீட்டைக் கொடுங்கள். மாதாமாதம் யார் எடுத்தார், எவ்வளவு என்று ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள்.

கச்சேரிவாசல்:
வரிப் பயம் வீண். 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வருமானம் வரை வருமான வரி இல்லை. மாதம் 150,000 ரூபா. இந்த அளவு வியாபாரத்தில் எந்தப் பங்காளியும் அந்தப் பக்கம் போகமாட்டார்.

பதிவு பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில். விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்தின் காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம். கருவாட்டுக்காரர் மாட்டுப்படுவது கடைசியில்தான். காயப்போடுவது கடற்கரையில், அதற்கு உறுதியைக் கனவிலும் காட்ட முடியாது. பொதி செய்கிற வீட்டைத் தொழில் இடமாகக் கொடுங்கள். வீடு கணவரின் பெயரிலோ தாயின் பெயரிலோ இருந்தால் அவர்களிடம் சம்மதக் கடிதம் ஒன்று எழுதி வாங்குங்கள். போவதற்கு முன் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு நாள் அலைச்சல் மிச்சம்.

பெரிய பிழை ஒன்று எல்லாரும் விடுவது: ஐந்து பேர் உழைக்க, ஒருவரின் பெயரில் பீ.ஆர். எடுப்பது. வங்கிக் கணக்கு அவருக்கு, கடனும் அவருக்கு. பிணக்கு வந்த அன்று மற்ற நால்வருக்கும் சட்டத்தில் ஒன்றுமில்லை. கூட்டு வியாபாரமாகவே பதியுங்கள். மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டினால் பங்காளிகளின் உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மோசடித் தடைக் கட்டளைச் சட்டம். இன்றைக்கு அது எல்லாக் கூட்டு வியாபாரமும்தான். பங்கு, இலாபம் பிரிப்பு, ஒருவர் விலகினால் எப்படித் தீர்ப்பது, மூன்றும் அதில் வரட்டும்.

பீ.ஆர். தருவது வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு, பில் புத்தகம், சுப்பர் மார்க்கெட்டுக்கோ ஹோட்டலுக்கோ சாமான் போடுகிற தகுதி. அந்த வியாபாரியிடமே தொடர்ந்து விற்பதென்றால் அது சுவரில் மாட்டுகிற படச்சட்டம்தான்.

உவர்மலைப்பக்கம்:
"முறைசாராத் துறை" என்ற சொல்லைப் பற்றிச் சிறு திருத்தம், ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகளும் வாசிப்பார்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மூன்றை வைத்து அளக்கிறது: பதிவு இல்லை, முறையான கணக்கு இல்லை, நிரந்தர ஊழியர் பத்துப் பேருக்குக் குறைவு. இலங்கையில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்.

ஆனால் முறைசாராத் துறை வேறு, முறைசாரா வேலை வேறு. நிலாவெளியில் பதிவுள்ள ஹோட்டலில் மே முதல் செப்டெம்பர் வரை ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லாமல் அறை துப்புரவு செய்பவர் முறைசார்ந்த துறையில் முறைசாரா வேலை செய்கிறார். எனவே கடைக்குப் பீ.ஆர். கிடைத்ததும் உள்ளே நிற்பவருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

"முன்னேற முடியாது" என்று இந்தத் துறையை ஒதுக்கவும் வேண்டாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. சின்னப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது அதில்தான். அடி விழுந்தது பதிவில்லாத ஆட்களுக்கு. அதே வருடம் வேலை போனவர்களுக்குச் சோறு போட்டதும் இதே பதிவில்லாத தொழில்கள்தான். வேலையிழப்புக் கொடுப்பனவு இல்லாத நாட்டில் அந்த இடத்தை நிரப்புவது இவை.

கரைக்காற்று:
நன்றி. இரண்டு சந்தேகம். மீன் கூடுதலாக வருகிற நாளில் இரண்டு பெண்களை நாட்கூலிக்குக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் ஈ.பி.எஃப். கட்ட வேண்டுமா? மற்றது, சில நேரம் கருவாடு சிவந்துபோகிறது. இப்போது வியாபாரி விலை குறைத்தாவது எடுக்கிறார், வெளியே போட்டால் திருப்பி அனுப்புவார்களே?

உப்புப்பெட்டி:
கட்ட வேண்டும். ஒருவரை வைத்திருந்தாலும் ஈ.பி.எஃப். உண்டு, நாட்கூலியும் அதற்குள்தான். தொழிலாளியிடமிருந்து 8, தொழில் தருநர் 12, ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம். 1,200 ரூபா கூலிக்கு உங்கள் கையால் போவது நாளுக்கு 180 ரூபா. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் தண்டம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். செலவைக் கிலோ விலையில் இப்போதே ஏற்றிவிடுங்கள்; பிறகு சேர்த்தால் வாங்குபவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

சிவப்பு, உப்பிலேயே வாழுகிற பக்ரீரியாவால் வருவது. கடலுப்பிலிருந்துதான் பெரும்பாலும் வரும், ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகும். உப்பைக் கூட்டிப் போட்டால் தீராது. பழைய உப்பைத் திரும்பப் பாவிக்க வேண்டாம், தொட்டியை ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவிடுங்கள். வெட்டிக் கழுவிய மீன் 4 கிலோவுக்கு உப்பு 1 கிலோ. கட்டா, பாரையை முதுகால் பிளந்து தடித்த இடத்தில் கீறி உப்பைத் திணிக்க வேண்டும், மேலே தூவினால் நடு அழுகும்.

காயப்போடும்போது முதல் நாளே உச்சி வெயிலில் விட்டால் மேல்தோல் இறுகிவிடும், உள் ஈரம் வெளியே வராது. தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். பையில் போட்டு ஐந்தாம் நாள் வியர்க்கும். திருப்பி அனுப்பப்படுவது அதுதான். மதியத்தில் நிழல் கொடுங்கள். மணலில் பாய் விரிக்காமல் இடுப்பளவு உயரத்தில் தட்டி கட்டி வலை மூடுங்கள், ஈயும் மணலும் இரண்டும் குறையும். இரவில் குவித்துப் பாரம் வைத்தால் உள் ஈரம் மேலே வரும், மறுநாள் காயும்.

வெளியே விற்பதானால் லேபலில் பெயர், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் முகவரி, விலை வேண்டும். பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பொதி செய்யும் அறையை முதலே காட்டுங்கள். முதல் பருவத்தில் 60 கிலோவில் 15 கிலோவை மட்டும் வெளியே போட்டுப் பாருங்கள், மிகுதி பழைய ஆளுக்கே. முற்பணம் அடைபடும் வரை அந்த 15 கிலோவுக்கும் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். மாரியில் அவசரத்துக்குக் காசு கேட்கப்போவது அவரிடம்தான்.