மடிப்பு சோலார் பேனலில் பாதி கரண்ட்தான் வருகிறது

32 அடி பாய்மரப் படகு. 100 வாட் மடிப்பு பேனல்: துணி உறை, நான்கு மடல், உள்ளே பேரலல் இணைப்பு. எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு பவரை எடுத்து சார்ஜ் செய்யும் கருவி) வழியாக 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரிக்குப் போகிறது. நங்கூரம் போட்டதும் பிமினி (படகின் வெயில் மறைக்கும் துணிக்கூரை) மேல் விரித்து, பாய் ஏற்றுமுன் மடித்து வைப்பது வழக்கம். உச்சி வெயிலில் 5 ஆம்பியர் வந்துகொண்டிருந்தது. சில வாரங்களாக 2.5-ஐத் தாண்டவில்லை.

பூம் (பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் கட்டை) நிழல் விழவில்லை, பேட்டரியும் நிறையவில்லை. எம்சி4 கனெக்டர்களில் (சோலார் கேபிளை இணைக்கும் பிளக்) பச்சை பிடித்திருந்தது, வெட்டிவிட்டுப் புதிது போட்டாச்சு. கேபிள், கன்ட்ரோலர் மாற்றியும் அதேதான். லோடு இல்லாமல் 21 வோல்ட் காட்டுகிறது. மீட்டர் கரண்டே இழுக்காது என்பதால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு மடலாகத் துண்டு போட்டு மூடியதில்தான் பிடிபட்டது. 1, 2-ஐ மூடினால் ஆம்பியர் இறங்குகிறது. 3, 4-ஐ மூடினால் அசைவே இல்லை. நடு மடிப்பை லேசாக வளைத்தால் ஒரு கணம் 4.8 வந்து விழுகிறது. மடிப்புக்குள் ஓடும் செப்புப் பட்டை அற்றிருக்க வேண்டும்.

தையலைப் பிரித்து அந்த இடத்தில் எந்த வகை ஒயரைச் சால்டர் செய்து, எதைக் கொண்டு அடைத்தால் உப்புக் காற்றையும் தினசரி மடிப்பையும் தாங்கும்?